வானத்து டிராகனுக்குக் கடிவாளம்: மூன்றடுக்கு செஸ்ஸில் அடங்காத காயை அடக்குவது

பெங்களூரு அல்சூரில் ஞாயிறு மதியம் நானும் சித்தி பையனும் ஆடுவது டிராகன்செஸ். கேரி கைகாக்ஸ் உருவாக்கி 1985-இல் வெளியான ஆட்டம். 12-க்கு 8 கட்டங்களில் மூன்று பலகைகள்: மேலே வானம், நடுவில் தரை, அடியில் பாதாளம். ஆளுக்கு 42 காய்கள். அவென்யூ ரோட்டில் சார்ட் அட்டை வாங்கி நாமே கோடு போட்டுக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், கை நுழையாது. பாயில் வரிசையாக விரித்தால் போதும்.

சிக்கல் வானப் பலகையில் ஆடும் டிராகன் என்ற காயால் வந்தது. யாருடைய டிராகன் முதலில் நடுவானில் உட்காருகிறதோ அவருக்கே ஆட்டம். கேட்டால், “ரூல்ல இருக்குண்ணா” என்பான் தம்பி.

முதல் படி, எண்ணுங்கள். காலிப் பலகையின் நடுவே காயை வைத்து, அது எட்டும் கட்டங்களைக் குறியுங்கள். சாதாரண செஸ்ஸில் குதிரைக்கு 8, பிஷப்புக்கு 13, யானைக்கு 14, ராணிக்கு 27. டிராகன் ராஜாவும் பிஷப்பும் சேர்ந்ததுபோல் நகரும். வானத்தில் 18 கட்டம். தனக்கு நேர் கீழே தரையில் ஒன்று, அதை ஒட்டி நான்கு பக்கமும் நான்கு என ஐந்து கட்டங்களில் இருப்பதையும் வெட்டும். மொத்தம் 23. ராணியைவிடக் குறைவு! அப்புறம் ஏன் இந்த அட்டகாசம்?

இரண்டாம் படியில் விடை இருக்கிறது: வெட்டியபின் அதைத் திருப்பி வெட்ட யாரால் முடியும் என்று பாருங்கள். ராணி ஒரு சிப்பாயை வெட்டினால் அந்தக் கட்டத்துக்கே போய் நிற்க வேண்டும். அங்கே காவல் இருந்தால் ராணி காலி. டிராகனோ தரையில் இருப்பதை மேலே இருந்தபடியே வெட்டுகிறது, இறங்குவதே இல்லை. நீங்கள் தரையில் எத்தனை காவல் போட்டாலும் வீண். தரையின் யானை, வீரன், திருடன் எதுவும் வானத்துக்கு ஏறாது.

மூன்றாவது, ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். நான் முதலில் ஐந்து கட்டத்தை ஒன்றாகக் குறைத்தேன். டிராகன் சவலைப் பிள்ளையாகிவிட்டது, யாரும் தொடவே இல்லை. குறைக்க வேண்டியது எட்டும் தூரத்தை அல்ல, அதன் பத்திரத்தை. இப்போது எங்கள் விதி: தரைக்காயை வெட்டிய டிராகன் அடுத்த முறை நகரவும் கூடாது, வெட்டவும் கூடாது. அந்த இடைவெளியில் வானத்துக்கு ஏறத் தெரிந்த வீரநாயகனையோ மந்திரவாதியையோ அதன்மேல் ஏவலாம்.

சரி, சோதனை. பக்கம் மாற்றி மாற்றிப் பத்து ஆட்டமாவது ஆடி, டிராகன் எத்தனை காய் வெட்டியது, எந்த நகர்வில் செத்தது என்று நோட்டில் எழுதுங்கள். நடுவில் இன்னொரு விதியைத் தொடாதீர்கள், தம்பி கெஞ்சினாலும்.