பாடகர் இல்லாமல் பிராட்வே பாட்டுகள்: சின்ன ஜாஸ் குழுவுக்கு ஒரு ரெக்கார்டிங் வழிகாட்டி

பிராட்வே பாட்டுகளை, அதாவது நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடும் இசை நாடகங்களின் பாட்டுகளை, ஜாஸாக வாசித்துப் பதிவு செய்வதில் இருக்கிற வசதியும் ஆபத்தும் ஒன்றேதான்: கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும். கொஞ்சம் அசந்தால் ஹோட்டல் லிஃப்டில் ஓடுகிற இசையாகிவிடும். மெட்டே அடையாளம் தெரியாமல் போகும் அளவுக்கு மாற்றினால், அப்புறம் அந்தப் பாட்டை எதற்கு எடுத்தீர்கள் என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் எதை விட்டுவைப்பது, எதை மாற்றுவது என்பதை ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மீதி வேலையெல்லாம் அந்த முடிவைத் தொடர்ந்து வருவதுதான்.

முதலில் ஒரு ஆல்பத்தைக் கேட்டுவிடுங்கள். 'மை ஃபேர் லேடி' நாடகம் பிராட்வேயில் தொடங்கியது 1956 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் ட்ரம்மர் ஷெல்லி மான், பியானோவில் ஆந்த்ரே ப்ரெவின், பாஸில் லெராய் வினெகர் என்று மூன்றே பேர் அந்த ஒரு நாடகத்தின் எட்டுப் பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். கன்டெம்பரரி என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காக. சரக்கு வைக்கிற அறைதான் அவர்களுக்கு ஸ்டுடியோ. அந்த ஆல்பம் நன்றாக விற்றது, அதற்குப் பிறகு நாடகம் ஒன்று ஓடினால் அதன் ஜாஸ் ஆல்பம் ஒன்றும் வருவது வழக்கமாகிவிட்டது. மூன்று பேர், ஒரு அறை, ஒரு நாள். இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாட்டுத் தேர்வில் இரண்டு வழி உண்டு. ஒரே நாடகத்திலிருந்து எல்லாம் எடுக்கலாம், அல்லது பல நாடகங்களிலிருந்து பொறுக்கலாம். முதல் வழியில் ஆல்பத்துக்கு ஒரு கதை கிடைக்கும், ஆனால் ஜாஸுக்குப் பெரிதாக இடம் கொடுக்காத பாட்டுகள் இரண்டு மூன்றாவது அதில் இருக்கும். பொறுக்கி எடுப்பதென்றால் எட்டு அல்லது ஒன்பது பாட்டு போதும், அவற்றில் மெதுவானவை இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணுகிற மூன்று அடித் தாளப் பாட்டு ஒன்றாவது இருக்கட்டும். எல்லாரும் ஆயிரம் தடவை வாசித்துத் தேய்ந்த பாட்டுகளாகவே எடுத்தால் கேட்பவர் உங்களை இன்னொரு பெரிய ஆளோடு ஒப்பிட்டுக்கொண்டேதான் கேட்பார். அதே நாடகத்தில் பக்கத்திலேயே யாரும் தொடாத நல்ல மெட்டு ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் குழு சாக்ஸபோன், பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என்று நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம்; பாட்டின் வரிகளை நாலு பேரும் படிக்க வேண்டும். பாடப் போவதில்லையே என்று விடாதீர்கள். டெக்ஸ்டர் கார்டன் மெதுவான பாட்டை வாசிக்கும் முன் மேடையில் அதன் முதல் வரிகளைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் சாக்ஸபோனை வாயில் வைப்பார். சாகித்யம் தெரிந்த நாதஸ்வரக்காரர் வாசிப்புக்கும் ஸ்வரம் மட்டும் தெரிந்தவர் வாசிப்புக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இதிலும். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லில் இழுப்பது, எந்த வரி கேள்வி என்பதெல்லாம் வரிகளில்தான் இருக்கிறது. இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் கார்டு ஷீட்டை (மெட்டும், அதற்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளான கார்டுகளும் எழுதிய தாள்) மட்டும் நம்பாமல் நாடகத்தின் அசல் நோட்டேஷனையும் ஒரு தடவை பாருங்கள். பத்துப் பேர் கை மாறி வந்ததில் மெட்டே கொஞ்சம் மாறியிருக்கும்.

வடிவத்தையும் எண்ணிப் பாருங்கள். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு), எட்டு எட்டாக நாலு பகுதி. ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஜெரோம் கெர்ன் 1939-இல் போட்ட 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' 36 பார், கடைசிப் பகுதியில் நாலு பார் கூடுதல். கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' அசலில் 34 பார். அந்தக் கடைசி இரண்டு பாரை சோலோவில், அதாவது ஒருவர் மனோதர்மமாக வாசிக்கும் இடத்தில், ஜாஸ்காரர்கள் வெட்டிவிடுவார்கள். உங்கள் குழு வெட்டுமா வெட்டாதா என்று முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவது) நடுவில் பாஸ் ஒரு பக்கம் பியானோ ஒரு பக்கம் போகும். பழைய நாடகப் பாட்டுகளில் மெயின் மெட்டுக்கு முன்னால் பேச்சு மாதிரி ஒரு முன்பகுதி வரும், ஜாஸில் அதைப் பெரும்பாலும் யாரும் சட்டை செய்வதில்லை. ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டில் அதைப் பியானோ மட்டும் தாளக் கட்டில்லாமல் வாசிக்கட்டும், பிறகு மற்றவர்கள் நுழையட்டும். நன்றாக வேலை செய்யும், ஆனால் இரண்டாவது பாட்டிலும் செய்தால் சலிக்கும்.

அரேஞ்ச்மென்டுக்கு ஒரு பாட்டுக்கு ஒரு யோசனை போதும். ஒன்றே ஒன்று. சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 1960-இல் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பதிவு செய்தபோது அந்தப் பாட்டு வரும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகம் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை; மூன்று அடித் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார், மெட்டையும் தெளிவாக வாசித்தார், ஆனால் சோலோவுக்குப் பாட்டின் கார்டுகளை விட்டுவிட்டு இ மைனர், இ மேஜர் என்ற இரண்டே ஸ்கேலில் குழுவைச் சுற்றவிட்டார். பாட்டு 13 நிமிடத்துக்கு மேல் போகிறது, யோசனை அந்த ஒன்றுதான். ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1956-இல் வாசித்த 'இஃப் ஐ வேர் எ பெல்' இன்னும் எளிது: தலைப்பில் மணி இருக்கிறது, ரெட் கார்லண்ட் பியானோவில் கடிகார மணி மாதிரி தொடங்குகிறார், அவ்வளவுதான். நீங்களும் தாளத்தை மாற்றுங்கள், அல்லது டெம்போவை (வேகத்தை) மாற்றுங்கள், அல்லது மெட்டைப் பாஸிடம் கொடுங்கள். மூன்றையும் ஒரே பாட்டில் செய்தால் புத்திசாலித்தனம் மட்டும் கேட்கும், பாட்டு கேட்காது. ஸ்கேல் விஷயத்தில் நாடகத்தில் இருக்கிறதே என்று கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அது நடிகரின் குரலுக்குப் போட்டது. உங்கள் சாக்ஸபோனுக்கு எது நல்ல சத்தம் தருகிறதோ அங்கே வையுங்கள்.

சோலோ நீளத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். பாட்டின் முழு வடிவமும் ஒரு தடவை வந்தால் ஒரு சுற்று. மேடையில் எட்டுச் சுற்று வாசிப்பது ஜோர், ரெக்கார்டில் இரண்டு சுற்று போதும். நாலு பேரும் எல்லாப் பாட்டிலும் சோலோ எடுக்கிற பழக்கத்தை விட்டால் ஆல்பம் பாதி தேறிவிடும்.

இப்போது அறை. நான் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைக்கத்தான் சொல்வேன், கண்ணுக்குக் கண் தெரிகிற மாதிரி, முடிந்தால் ஹெட்போன் இல்லாமல். ரெக்கார்டிங் இன்ஜினியர் ரூடி வான் கெல்டர் 1950-களில் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் அத்தனை பெரிய ஆட்களையும் பதிவு செய்தார். ஹெட்போன் இல்லாவிட்டால் ட்ரம்மர் தானாகவே பாஸ் கேட்கிற அளவுக்குக் கையைக் குறைப்பார். அந்தச் சமநிலையை மிக்ஸிங்கில் பிறகு செய்ய முடியாது. விலை என்னவென்றால் ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் அது நல்ல சத்தமாக விழ வேண்டும். அதனால் தரையில் கம்பளம், ட்ரம்ஸுக்குப் பின்னால் கனமான துணி, ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி. சாக்ஸபோனுக்கு மைக்கை அதன் அகன்ற வாய்க்குள் நீட்டாமல் விரல் வைக்கும் சாவிகள் இருக்கிற நடுப்பகுதியைப் பார்த்து ஒரு இரண்டடி தள்ளி வையுங்கள். பாஸுக்கு வாத்தியத்தில் ஒட்டுகிற பிக்அப் மட்டும் போட்டால் ரப்பர் மாதிரி வரும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மைக் கட்டாயம். ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு, காலால் அடிக்கும் கிக் ட்ரம்முக்கு ஒன்று, போதும். பியானோவை அன்று காலையிலேயே சுருதி பார்க்கச் சொல்லுங்கள், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 24 பிட்டில் பதியுங்கள், சத்த அளவு காட்டும் மீட்டர் உச்சத்திலும் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். ட்ரம்மர் இரண்டாவது சுற்றில் எப்படியும் சத்தம் கூட்டுவார்.

வாசிக்கும்போது காதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் கிளிக் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு டேக்கும் தொடங்கும் முன் ட்ரம்மர் வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோமின் விளக்கைப் பார்த்துவிட்டு எண்ணட்டும், அப்போதுதான் முதல் டேக்கின் மெட்டையும் மூன்றாவது டேக்கின் சோலோவையும் ஒட்ட முடியும். ஒரே அறையில் இருப்பதால் ஒருவர் தவறை மட்டும் தனியாகத் திருத்த முடியாது, ஒட்டு போடுகிற இடம் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வரும். அது ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் முதல் அடியில் இருந்தால் தெரியாது. காலையில் நடு வேகப் பாட்டோடு ஆரம்பியுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று டேக், அதோடு நகருங்கள். நாலாவதில் தவறு குறையும், உயிரும் சேர்ந்தே குறையும்.

உரிமை விஷயம் அமெரிக்காவில் நேரானது. வெளியாகி 95 ஆண்டு முடிந்த பாட்டுக்கு அனுமதியே வேண்டாம். 1929-இல் வெளியானவை 2025 ஜனவரி 1 அன்று பொதுச் சொத்தாகிவிட்டன. மற்றவற்றுக்குக் கட்டாய உரிமம் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ரெக்கார்டாக வந்த பாட்டை, சட்டம் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு யாரும் பதியலாம், மெட்டின் அடிப்படைத் தன்மையை மாற்றாத வரை. 2025-இல் அந்தத் தொகை சிடியிலோ டவுன்லோடிலோ ஒரு பிரதிக்கு 12.7 சென்ட்டாக இருந்தது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அதற்குப் பதிலாகப் பாட்டின் முழு நீளத்துக்கும் நிமிடத்துக்கு 2.45 சென்ட். ஆக சாக்ஸபோன்காரரின் ஆறாவது சுற்றுக்கு நீங்கள் காசும் கட்டுகிறீர்கள், அவரிடம் சொல்லிப் பாருங்கள். வீடியோ எடுத்துப் போடுவதென்றால் இந்த உரிமம் செல்லாது, பாட்டின் பதிப்பாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும். உறையில் இசையமைத்தவர் பெயரோடு வரி எழுதியவர் பெயரையும் போடுங்கள், ஒரு வரிகூடப் பாடாத ரெக்கார்டாக இருந்தாலும்.