ரோசாவில் பழுப்புப் பொட்டுகள் கண்டால் கை வைக்காதீர்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆறு ரோசாச் சாடிகள். மாரி முடிந்து துளிர் விட்டதும் மொட்டுக் காம்பெல்லாம், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான பச்சை அசுவினி மொய்த்துவிடும். முதலில் நானும் மருந்துதான் அடித்தேன். அசுவினி பத்து நாளில் திரும்பியது. அதைத் தின்ன வந்தவைதான் திரும்பவில்லை.

இப்போது செய்வது இதுதான். காலையில் இலையைத் திருப்பி, கூட்டத்துக்குள் வீங்கி, உருண்டு, காய்ந்த தாள்போல் பழுப்பாக ஒட்டியிருப்பவை உண்டா என்று பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். அவை செத்த அசுவினிகள். உள்ளே குளவிப் புழு வளர்கிறது. தாய்க்குளவி 2, 3 மில்லிமீற்றர்தான், நம்மைக் கொட்டாது. வயிற்றைக் கால்களுக்கிடையே முன்னே வளைத்து, ஒரே குத்தில் அசுவினிக்குள் முட்டையிடும். வெயில் காலத்தில் ஏறக்குறைய இரண்டு கிழமையில் புதுக்குளவி வட்டமாக ஓட்டை வெட்டி வெளியே வரும். அந்த ஓட்டையைக் கண்டால் எனக்குப் பெரிய சந்தோசம்.

அதனால் அந்தக் கிளையை வெட்டாதீர்கள். வெட்டினாலும் எரிக்காமல் சாடி அடியிலேயே போடுங்கள். பொட்டு இல்லாத கிளைகளைத் தண்ணீர் பீச்சிக் கழுவலாம். எறும்பை மட்டும் விடக்கூடாது: அசுவினியின் தேன்நீருக்காக அது குளவியை விரட்டும். தண்ணீர்த் தட்டுக்குள் கல் வைத்து, அதன்மேல் சாடியை ஏற்றிவிட்டேன். (நுளம்பு முட்டையிடும், இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.) அப்புறம், பழைய சட்டியில் கொத்தமல்லி விதைத்துப் பூக்க விடுங்கள். குளவி அதில் தேன் குடிக்கும். அம்மா ரசத்துக்குக் கிள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.