ஜான்-லுக் பொன்டியைக் கேட்கப் புறப்படுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் ஜாஸ்-ரொக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதாது. தேவாலயத்தில் வயலின் பழகியவர்கள், திருவிழா மேடையில் கீபோர்ட் வாசிக்கும் இளைஞர்கள், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ அல்பத்தைக் கேட்டுவிட்டு இந்த மாதிரி வேறு ஏதும் கிடைக்குமா என்று தேடியவர்கள் எனப் பலரும் ஒருநாள் பிரெஞ்சு மின்சார வயலின் கலைஞர் ஜான்-லுக் பொன்டியிடம் வந்து சேர்கிறார்கள். வந்த வேகத்தில் பாதிப்பேர் திரும்பியும் விடுகிறார்கள். “வேகமாக வாசிக்கிறார், ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை” என்பது நான் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. அப்படிச் சொல்பவர்கள் எதை, எப்படிக் கேட்டார்கள் என்று விசாரித்தால் விஷயம் வெளியே வரும்.

முதலில் ஆள்மாறாட்டம். மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ரொக் குழுவின் ‘பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்’ அல்பத்தைக் காட்டி, “இதுதானே பொன்டி?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இல்லை. 1971 இல் வந்த ‘த இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’, 1973 இல் வந்த ‘பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்’ இரண்டிலும் வயலின் வாசித்தவர் சிக்காகோவைச் சேர்ந்த ஜெரி குட்மன். அந்தக் குழு கலைந்த பின்னர், அதன் தலைவரான கிட்டார் கலைஞர் ஜோன் மெக்லோக்லின் அதே பெயரில் புதிய ஆட்களைச் சேர்த்தபோதுதான் பொன்டி உள்ளே வருகிறார். லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவுடன் பதிவான ‘அப்போகலிப்ஸ்’ (1974), அடுத்து ‘விஷன்ஸ் ஒஃப் த எமரல்ட் பியோண்ட்’ (1975) ஆகிய இரண்டில் கேட்பதுதான் அவருடைய வயலின். அதன் பிறகு மெக்லோக்லின் ‘சக்தி’ குழுவுக்குப் போனார். அங்கே வயலின் எல். சங்கர், கூடவே சாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும். ஒரே கிட்டார்காரருக்குப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் மூன்று வயலின்கள் மாறியிருக்கின்றன. குழப்பம் வருவதில் வியப்பில்லை.

நம் நாட்டில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. சங்கரும் அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியமும் சிறுவயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958 கலவரத்தை அடுத்துக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அந்த இழப்பும் பெருமையும் நமக்கு உரியவைதாம். அதற்காக எழுபதுகளில் ஒலித்த மின்சார வயலின் எல்லாவற்றையும் சங்கரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ‘சக்தி’யைக் கேட்டுப் பழகிய காதோடு பொன்டியிடம் போனால் ஏமாற்றம் நிச்சயம். ‘சக்தி’யில் ட்ரம்ஸ் செட் கிடையாது, கடமும் தபேலாவும்தான். மின்சாரக் கருவிகளின் ஆரவாரத்திலிருந்து விலகி வந்த இசை அது. பொன்டியோ அந்த ஆரவாரத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டவர்.

அடுத்த தவறு, கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதைத் தேடுவது. கர்நாடக வயலின் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பொன்டியின் சுரங்கள் மொட்டையாகத் தெரியும். ஒரு சுரத்தைப் பிடித்தால் அசைக்காமல், ஏறக்குறைய நேர்கோடாக நிறுத்துகிறார். மேற்கத்திய வயலினில் வழக்கமாகக் கேட்கும் அந்த நடுக்கத்தைக்கூட மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். இதைத் திறமைக்குறைவு என்று எடுத்துக்கொள்பவர்கள் அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1942 இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலுள்ள அவ்ராஞ்ச் நகரில் பிறந்தவர். அப்பா வயலின் ஆசிரியர், அம்மா பியானோ ஆசிரியை. பாரிஸ் கொன்சர்வத்துவாரில் வயலினுக்கு முதற்பரிசு வாங்கி, அங்குள்ள பெரிய ஓர்கெஸ்ட்ரா ஒன்றில் மூன்று ஆண்டுகள் வாசித்தார். அதே காலத்தில் கிளாரினெட்டும் சக்ஸபோனும் பழகி, இரவில் ஜாஸ் விடுதிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். வயலினை எடுத்து ஜாஸ் வாசிக்கத் தொடங்கியபோது அவர் மனத்தில் ஒலித்தது ஊதுகருவிகளின் சொல்முறை. ஆகவே அவருடைய வாக்கியங்கள் மூச்சளவில் அமைகின்றன. சுரங்கள் ஊதியதுபோலத் தொடங்கி ஊதியதுபோல முடிகின்றன. சுரத்துக்கு உள்ளே நடப்பதைத் தேடாமல், சுரத்துக்கும் தாளத்துக்கும் நடுவே அவர் விளையாடுவதைக் கவனித்தால் பிடி கிடைக்கும்.

‘இது எந்த ராகம்?’ என்ற கேள்வியையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கலாம். கீழே கீபோர்ட் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டை (கோர்ட்) மாற்றும்போதெல்லாம் மேலே அவர் சுர வரிசையையும் மாற்றிக்கொண்டே போகிறார். கல்யாணி போல இருக்கிறதே என்று முடிவு செய்வதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும்.

வயலினையே அடையாளம் காணாமல் விடுவது மூன்றாவது. இது கேட்பவர் குற்றம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. சாதாரண வயலினில் நான்கு தந்திகள். பொன்டி கையாண்ட மின்சார வயலின்களில் ஐந்து தந்திகள் கொண்டதும் உண்டு. அது கீழே வியோலாவின் எல்லை வரை இறங்கும். வயலெக்ட்ரா என்ற இன்னொரு கருவி, வயலினைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டப்படுவது. கேட்டால் செல்லோ என்றே தோன்றும். இவற்றின் ஒலியை வாவா, ஃபேஸர், எதிரொலிக் கருவி ஆகிய ஒலிமாற்றிகளின் ஊடாக அனுப்பும்போது கிட்டாரா, சிந்தசைசரா, வயலினா என்ற மயக்கம் வந்துவிடுகிறது. தொடக்கத்தைக் கவனியுங்கள். கிட்டாரில் சுரம் ஒரு தட்டலோடு பிறந்து உடனே தேயத் தொடங்கும். வில்லால் இழுத்த சுரம் பிறந்த பிறகும் பெருகக்கூடியது. மெல்லத் தொடங்கி நடுவில் வீங்குகிற சுரம் கேட்டால் பெரும்பாலும் அங்கே வில் இருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. அல்பத்தின் முகப்பில் ஒரே பெயர் இருந்தால் மற்றவர்களைப் பக்கவாத்தியமாக்கிவிடுவது நம் கச்சேரிப் பழக்கம். கவனம் முழுவதும் வயலினைத் துரத்தும். ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் பின்னணி இரைச்சலாகிவிடும். பொன்டியின் எழுபதுகளின் அல்பங்களை அப்படிக் கேட்டால் பாதி இசை காணாமல் போகும். குழுவுக்காக எழுதப்பட்ட இசை அது. ஆள் மாறினால் அல்பத்தின் குணமே மாறுகிறது.

தேயிலைத் தோட்டத்தின் மேல் கணக்கில் (மேற்பிரிவில்) தப்புப் பறை அடிக்கிற சத்தம் காற்றில் வந்தால், அது கல்யாணமா, சாவா, காமன் கூத்தா என்று கீழ் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் அடியை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் காது நமக்கு இருக்கிறது. அதைப் பொன்டியின் ட்ரம்ஸ் கலைஞர்கள் பக்கம் திருப்பினால் போதும்.

‘அப்பன் த விங்ஸ் ஒஃப் மியூசிக்’ (1975) எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸ் லியோன் சான்ஸ்லர். என்டுகு என்ற பெயரால் அறியப்பட்டவர். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாடலில் பாட்டு தொடங்கும் முன்பே நம் காலைத் தட்ட வைக்கிற ட்ரம்ஸ் இவருடையதுதான். கீபோர்ட் பட்ரிஸ் ரஷன். 1982 இல் ‘ஃபர்கெட் மீ நொட்ஸ்’ பாடி உலகப் புகழ் பெற்றவர். கிட்டார் கலைஞர்களில் ஒருவர் ரே பார்க்கர் ஜூனியர். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படப்பாடலை எழுதிப் பாடியவரேதான். மூவருமே கறுப்பின அமெரிக்க நடன இசையில் ஊறியவர்கள். ஆகவேதான் அந்த அல்பத்துக்கு ஒரு துள்ளல் நடை. பொன்டியின் வயலினை மறந்துவிட்டு ஒருமுறை என்டுகுவின் இடதுகையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

அடுத்து, 1976 இல் வெளிவந்த ‘அரோரா’, ‘இமாஜினரி வொயேஜ்’. இரண்டிலும் பேஸ் டொம் ஃபவுலர். பொன்டி 1973 இல் அமெரிக்காவில் குடியேறி ரொக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் குழுவில் வாசித்தபோது கூட வாசித்தவர். டரில் ஸ்டூர்மர் என்ற இளம் கிட்டார் கலைஞர் ‘அரோரா’வில் அறிமுகமாகிறார். இங்கே துள்ளல் குறைந்து, இசை அகலமாகிறது.

1977 இல் ‘எனிக்மாடிக் ஓஷன்’. ஒரேயொரு அல்பம்தான் கேட்க நேரம் உண்டு என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வேன். பேஸ் ரால்ஃப் ஆம்ஸ்ட்ரோங். மகாவிஷ்ணுவில் பொன்டியோடு இருந்தவர். அவருடைய பேஸ் கிட்டாரில் உலோகக் கட்டைகள் இல்லாததால் சுரங்கள் வழுக்கிக்கொண்டு போகும். நம் காதுக்கு மிக நெருக்கமான ஒலி அது, கமகம் தேடியவர்களுக்கு ஆறுதல் இங்கேதான். கீபோர்ட் அவுஸ்திரேலியரான அலன் ஸவோட். ட்ரம்ஸ் ஸ்டீவ் ஸ்மித். விரைவிலேயே ‘ஜேர்னி’ என்ற ரொக் குழுவில் சேர்ந்து பெரும்புகழ் அடைந்தார். கிட்டார் இரண்டு. ஸ்டூர்மரோடு இங்கிலாந்தின் அலன் ஹோல்ட்ஸ்வேர்த். இந்த இருவரையும் பிரித்தறியாமல் விடுவது பெரிய நட்டம். ஸ்டூர்மர் ஒவ்வொரு சுரத்தையும் தட்டி எழுப்புகிறார், விளிம்பு கூர்மையாக இருக்கிறது. சிறுவயதில் சக்ஸபோனுக்கு ஆசைப்பட்டவரான ஹோல்ட்ஸ்வேர்த், வலதுகையால் ஒன்றைத் தட்டிவிட்டு மற்றச் சுரங்களை இடதுகை விரல்களாலேயே பிறப்பிக்கிறார். தண்ணீர் வழிவதுபோல ஓடும். வயலின் என்று பலர் நினைத்துக்கொள்ளும் இடங்களில் சில உண்மையில் இவர். தலைப்பு உருப்படியில் வயலினும் கிட்டார்களும் கீபோர்டும் முறை வைத்துக்கொண்டு வாசிக்கும் பகுதியில், யார் எங்கே விட்டு யார் எங்கே எடுக்கிறார் என்று கவனிப்பதிலேயே ஒரு மாலை போய்விடும். ஸ்டூர்மர் அடுத்த ஆண்டு ‘ஜெனெசிஸ்’ ரொக் குழுவின் மேடைக்குப் போய்விட்டார். 1978 இல் வந்த ‘கொஸ்மிக் மெசஞ்சர்’ கிட்டாரிலும் ட்ரம்ஸிலும் வேறு ஆட்களோடு. நல்ல அல்பம்தான், ஆனால் அந்த உரசலும் போட்டியும் எனக்கு அதில் கிடைப்பதில்லை.

உருப்படிகளைக் கலைத்துக் கேட்பதும் தவறு. கைப்பேசிச் செயலிகள் ஒவ்வொரு பகுதியையும் தனிப் பாட்டாகக் காட்டுகின்றன. ‘எனிக்மாடிக் ஓஷன்’ தலைப்பு உருப்படி நான்கு பகுதிகள், மொத்தம் 12 நிமிட அளவு. அதே அல்பத்தின் ‘த ஸ்ட்ரகிள் ஒஃப் த டேர்ட்டில் டு த சீ’ மூன்று பகுதிகள். தொடக்க ‘ஓவர்ச்சர்’ ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்ததோடு ஒட்டினால்தான் அதற்கு அர்த்தம். கலைத்துப் போட்டு ஓடவிட்டால் மூன்றாம் பகுதிக்குப் பின் எவருடையதோ சினிமாப் பாட்டு வந்து நிற்கும். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்துபோகும் நமக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. வீட்டிலேயே முழு அல்பத்தையும் தரவிறக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். இசைத்தட்டுக் காலத்து அல்பம் 40 நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கும். தலவாக்கலை வரும்போது முடியும் நிலைக்கு வந்திருக்கும்.

கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அதில் ஆம்ஸ்ட்ரோங்கின் பேஸே இல்லை. அவ்வளவுதான். சாதாரண இயர்போன் போதும்.

ஒரு காலகட்டத்தை வைத்து ஆளை எடைபோடுவதும் வழக்கமாகிவிட்டது. 1983 இல் வந்த ‘இண்டிவிஜுவல் சொய்ஸ்’ அல்பத்தில் சீக்வென்சர் இயந்திரம் ஒரு சுழற்சியைத் திரும்பத் திரும்ப ஓட்ட, பொன்டி அதன்மேல் வாசிக்கிறார். அதை முதலில் கேட்டவர்கள் ‘இயந்திர இசை’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1977 இன் ‘எனிக்மாடிக் ஓஷன்’ அல்பத்திலுள்ள ‘மிராஜ்’ உருப்படியிலேயே அந்த ஆசை இருக்கிறது: சின்னதொரு சுழற்சி விடாமல் ஓட, அதன்மேல் வயலின் அவசரமில்லாமல் நடக்கிறது. அங்கே மனிதக் கைகள் செய்ததை ஆறு ஆண்டுகள் கழித்து இயந்திரம் செய்கிறது. எனக்குக் கைகள்தான் பிடிக்கும். ஆனாலும் இதை வழிதவறல் என்று சொல்ல மாட்டேன். 1991 இன் ‘சொகோலா’ மேற்கு ஆபிரிக்கக் கலைஞர்களுடன் செய்தது. தாளத்தில் பிடிப்புள்ளவர்கள் இதைத் தள்ளிவைக்காதீர்கள். 1995 இன் ‘த ரைட் ஒஃப் ஸ்ட்ரிங்ஸ்’ கிட்டார் கலைஞர் அல் டி மியோலா, பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் ஆகியோருடன் மூவர் மட்டும் மின்சார ஆரவாரமின்றி வாசித்தது. ட்ரம்ஸ் இல்லையே என்று அதைக் குறைசொல்வது வேண்டாத வேலை.

‘கிங் கொங்’ (1970) மட்டும் கடைசிக்கு இருக்கட்டும். ஸப்பாவின் இசை என்று அட்டையில் பார்த்துவிட்டு அவருடைய பாட்டையும் கிண்டலையும் எதிர்பார்த்துப் போகிறார்கள். குரலே இல்லாத அல்பம் அது. ஜோர்ஜ் டியூக்கின் பியானோவுக்காகவே கேட்கலாம். ஆனால் ஸப்பா கிட்டார் வாசிப்பது ஒரே ஒரு உருப்படியில்தான், அந்த ஒன்றையும் எழுதியவர் பொன்டி.