மலையகத்தில் தேயிலையும் கித்துளும் பித்தளையும் பார்த்து வாங்க

தேயிலைப் பெட்டியில் வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால், உள்ளிருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது. ஆனால் எப்போது பறித்த கொழுந்து என்று முத்திரை சொல்லாது. "அண்ணே, இது எந்த மாசத்துத் தூள்?" என்று கடையில் கேட்டுவிடுங்கள். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை என்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. நுவரெலியா, திம்புள்ளை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட காற்று வீசும் அந்த மாதங்களில்தான் வாசனை ஏறும்.

தூளை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கறுப்பாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்திருந்தால் அதிகம் உராய்ந்தது அல்லது பழையது. செந்நிறக் குச்சியும் நாரும் தெரிந்தால் மலிவு ரகம். விரலில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். நொறுங்காமல் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. சாயம் கலந்திருக்குமோ என்று தோன்றினால் நனைத்த வெள்ளைக் கடதாசியில் தூவுங்கள். சட்டென்று நிறம் பரவினால் வைத்துவிட்டு வரலாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), டஸ்ட் என்பவை தூளின் அளவைச் சொல்பவையே தவிர, தரத்தை அல்ல. பால் டீக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.யைவிட நுண்ணிய பி.ஓ.பி.எஃப்., பால் சேராத பிளேன்டீக்கு பி.ஓ.பி. அல்லது முழு இலையான ஓ.பி. எடுங்கள். ஒரு கிலோ பையைவிட 250 கிராம் பைகள் நான்கு நல்லது. பிரித்த பை வேகமாக மணம் இழக்கும்.

கித்துள் என்ற பனை வகையின் பதநீரில் காய்ச்சும் கருப்பட்டியில் சீனி கலப்படம் சாதாரணம். உடைத்த இடத்தில் சீனிப் பளபளப்பும் கல் போன்ற கடினமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்லதில் புகை மணமும் கடைசியில் மெல்லிய கசப்பும் இருக்கும். போத்தலில் வரும் கித்துள் பாணி போதுமாகக் காய்ச்சப்படாவிட்டால் புளித்து நுரைக்கும், மூடி உப்பும். விமானத்தில் போகிறவர்கள் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிலீட்டருக்கு மேல் விடமாட்டார்கள்.

கறுவாவை (இலவங்கப்பட்டையை) பொறுத்தவரை அது பெரும்பாலும் காலி, மாத்தறைப் பக்கத்துப் பயிர். மாத்தளையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்குவதே பொருத்தம்.

பித்தளைச் சாமான்களுக்குக் கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவை. ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. கையால் நெய்யும் தும்பறைப் பாயைத் திருப்பிப் பாருங்கள், கோலம் நெசவிலேயே ஓட வேண்டும். முன்பக்கம் மட்டும் தெரிந்தால் அச்சு. 'பழங்காலத்துச் சாமான்' என்று யாராவது நீட்டினால் எச்சரிக்கை: 50 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.