சோளம் நின்ற மண்ணில் முளைக்காத கீரை

சோளம் அறுத்த பாத்தியில் அடிக்கட்டையையும் தட்டையையும் மண்ணோடு கொத்திவிட்டு, அந்த வாரமே தண்டுக்கீரையும் முள்ளங்கியும் விதைத்தேன். பக்கத்துப் பாத்தியில் அதே விதை ஐந்தாம் நாளே பச்சைக் கோடாக எழுந்தது. இங்கே அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு நாற்றைப் பிடுங்கினால் வேர் கால் அங்குலம்கூட இறங்கவில்லை, நுனி பழுப்பேறியிருந்தது. மனசே கேட்கவில்லை.

விதையா, மண்ணா? இரண்டு தொட்டிகளில் இரண்டு பாத்தி மண்ணையும் தனித்தனியாக நிரப்பி, இருபது இருபது முள்ளங்கி விதை போட்டேன். சோள மண்ணில் ஏழுதான் முளைத்தன.

சோளத்தின் வேர்த்தூவிகள் சோர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பதமான பொருளைச் சுரக்கின்றன. இளம் நாற்றின் ஒளிச்சேர்க்கையை அது தடுக்கும். மட்கும் தட்டையிலிருந்து, முளைப்பைத் தடுக்கும் பீனாலிக் அமிலங்களும் கசியும். போதாக்குறைக்கு, தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். சிறு விதைகளுக்குத்தான் அடி அதிகம்.

சரி என்று கட்டைகளை வேரோடு பிடுங்கி மட்குக் குழியில் போட்டேன். பாத்தியில் மட்கிய எருவைக் கலந்து, ஆறு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தேன். இந்த நஞ்சைச் சிதைப்பதும் நுண்ணுயிர்கள்தான், அவற்றுக்கு ஈரம் வேண்டும். மறுபடி தொட்டிச் சோதனை: பதினெட்டு முளைத்தன. அப்புறமும் முதலில், ஏற்கெனவே ஓரளவு வளர்ந்த தக்காளி நாற்றைத்தான் நட்டேன், கீரையை அதற்கடுத்து விதைத்தேன். இப்போது காய்ந்த சோளத்தட்டையை, வேர் பிடித்த செடிகளின் வரிசைக்கு நடுவே மூடாக்காகப் பரப்புகிறேன். களை நன்றாகவே குறைகிறது.