கேரவன் தண்ணீர் ஹோஸ்: கழுவுவதும் காய வைப்பதும்

ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனில் புதிதாகப் பயணம் கிளம்புகிறவர்கள் டயர், பிரேக், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். கேரவன்களை நிறுத்தித் தங்கும் பார்க்கின் குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் மட்டும் கவனத்துக்கு வராது. குடிக்க, பல் தேய்க்க, குழந்தையின் பால் பாட்டில் கழுவ என எல்லாத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வருகிறது.

ஹோஸ் கெடுவதற்கு முக்கியக் காரணம் உள்ளே தேங்கும் தண்ணீர். ஹோஸ் வெயிலில் சூடாகும்போது, குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு பாக்டீரியாக்கள் உட்சுவரில் ஒட்டி வழவழப்பான படலமாகப் படரும். வெளிச்சம் ஊடுருவும் ஹோஸ் என்றால் பாசியும் பிடிக்கும். அதனால் என்னைக் கேட்டால், காய வைப்பதுதான் முதல் வேலை, பிளீச் அதற்கு அடுத்தது.

1. சரியான ஹோஸ்

தோட்டத்துக்கு வாங்கிய ஹோஸ் வேண்டாம். தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை ஏறும், அதிலிருந்து வேண்டாத ரசாயனங்களும் கலக்கலாம். குடிநீருக்கென்றே விற்கும் ஹோஸில் ஏஎஸ்/என்இசட்எஸ் 4020 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். வெளிச்சம் புகாத ரகமாக எடுங்கள்.

2. முனைகள்

அழுக்கு அதிகம் சேர்வது கப்ளிங்கின், அதாவது ஹோஸ் முனையில் உள்ள இணைப்பின், உள்ளேதான். ரப்பர் வாஷரைக் கழற்றி, பழைய டூத்பிரஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள்.

3. பிளீச் கரைசல்

வாசனை சேர்க்காத, கெட்டியாக்கப்படாத சாதாரண பிளீச் போதும். பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 4 சதவீதம் என்று இருக்கும். பிளீச் நாளாக ஆக வீரியம் குறையும், ஆகவே புதிதாக வாங்குங்கள். 5 லிட்டர் தண்ணீருக்கு 2 டீஸ்பூன் கலக்குங்கள். 12 மி.மீ. உள்விட்டமுள்ள 10 மீட்டர் ஹோஸில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும், மீதியில் கப்ளிங்குகளை ஊற வைக்கலாம்.

இரண்டு முனைகளையும் உயர்த்திப் பிடித்து, ஒன்றில் புனல் வைத்து ஊற்றுங்கள். மறுமுனையில் வழியும்வரை ஊற்றினால்தான் உள்ளே காற்று தங்காது. முனைகளை மூடி, நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பிளீச் வாடை போகும்வரை குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

உப்புக்கறை எடுக்க வினிகரோ சிட்ரிக் அமிலமோ போடுவதென்றால் அது வேறொரு நாள் வேலை. பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

4. வண்டிக்குள் இருக்கும் குழாய்கள்

ஹீட்டரை அணைத்து, வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். வண்டியின் 100 லிட்டர் தண்ணீர் டேங்கை நிரப்பி அதே பிளீச் 125 மில்லி கலக்குங்கள். பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயையும், சூடு, குளிர் இரண்டு பக்கமும், பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். வெளியே குளிக்கும் ஷவரின் குழாயை விட்டுவிடாதீர்கள், அதில்தான் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். நான்கு மணி நேரம் கழித்து வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு முறை அலசுங்கள். பல வண்டிகளில் பார்க் குழாயின் இணைப்பு டேங்கைத் தொடாமல் நேராக உள்குழாய்களுக்குப் போகும். டேங்கைச் சுத்தம் செய்தாலும் அந்தச் சிறு பகுதி விட்டுப்போகும். ஹோஸில் கொஞ்சம் கரைசல் இருக்கும்போதே அதை அங்கே மாட்டி, குழாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள்.

இதைச் சீசன் தொடங்கும்போதும், வண்டி நீண்ட நாள் சும்மா நின்ற பிறகும் செய்தால் போதும்.

5. பார்க்கில் மாட்டும்போது

பார்க் குழாயின் வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு மாட்டுங்கள். டாய்லெட் கேசட்டை, அதாவது கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டியை, கொண்டுபோய்க் கொட்டும் டம்ப் பாயிண்டிலும் ஒரு குழாய் இருக்கும். கேசட்டை அலசத்தான் அது. பலரும் கேசட்டின் வாயை அதில் முட்ட வைத்துத்தான் கழுவுகிறார்கள். உங்கள் குடிநீர் ஹோஸ் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வரும் சூடான தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குழந்தைகள் அதில் விளையாட வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நைக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வளரும். அதனால் வரும் மூளைத்தொற்றை 1965இல் அடிலெய்டு மருத்துவர்கள் விவரித்தார்கள். விழுங்கினால் வராது, மூக்குக்குள் ஏறினால்தான் ஆபத்து. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

6. கிளம்பும்போது

ஒரு முனையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மறுமுனை வரை கைமாற்றி நடந்து வாருங்கள், தேங்கியதெல்லாம் வடிந்துவிடும். நேரமிருந்தால் நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டால் தூசியும் பூச்சியும் புகாது. கழிவுநீர் ஹோஸை வேறு பெட்டியில் வையுங்கள், இரண்டையும் ஒரே பையில் போடுவது நோயை விலைக்கு வாங்குவதுதான்.

கழுவிய பிறகும் வாடை போகாவிட்டாலோ, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, வளைக்கும் இடத்தில் வெடிப்பு விட்டாலோ யோசிக்காமல் புது ஹோஸ் வாங்குங்கள்.