கார் பானட்டத் திறக்கிறது எப்படி? லிவர் எங்க, கொக்கி எங்க?

கார் சூப்பரா ஓட்டுவாங்க, பானட்டத் திறங்கன்னா மட்டும் முன்னாடி போய் நின்னு கையால நெம்புவாங்க, இப்படி நெறைய பேரு இருக்காங்க. வெளிய நின்னு எம்புட்டு நெம்புனாலும் வராது, மொதல் பூட்டு வண்டிக்குள்ள இருந்துதான் திறக்கணும், ரெண்டாவது பூட்டுதான் வெளிய. இத வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏத்தத்துல வண்டி சூடேறி நிக்கும்போது தேடிக்கிட்டு இருக்காம, இன்னைக்கே வீட்டு வாசல்ல வச்சுப் பழகிருங்க.

வண்டிய சமமான எடத்துல நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி ஹேண்ட்பிரேக் போட்டுருங்க. வைப்பர் நிமிந்து நிக்குதான்னு ஒரு பார்வை பாருங்க, நிமித்தி வச்சபடியே பானட்டத் தூக்குனா இடிச்சு பெயிண்ட் போயிரும்.

இப்ப டிரைவர் சீட்ல ஒக்காந்து, வலது முழங்காலுக்கு நேரா டேஷ்போர்டுக்கு அடியில, கதவ ஒட்டுனாப்ல கைய விட்டுத் தடவுங்க. ஒரு பிளாஸ்டிக் லிவர் தட்டுப்படும், மேல பானட் தூக்கி நிக்கிற கார் படம் போட்டிருக்கும், பழைய வண்டின்னா படம் அழிஞ்சு போயிருக்கும். சீட்டு ஓரமா தரையில இருக்குற லிவர இழுத்துட்டு ஒண்ணும் நடக்கலையேன்னு பாக்காதீங்க, அது பெரும்பாலும் பெட்ரோல் டேங்க் மூடிக்கோ டிக்கிக்கோ உள்ளது. வலது பக்கம் எங்க தேடியும் காணோமா, அங்கிட்டு இடது பக்கம் போய் பக்கத்து சீட்டுக்காரரு கால் வைக்கிற எடத்துல பாருங்க, ஏன்னா ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குற ஊருக்காக டிசைன் பண்ண சில வண்டிய நம்ம ஊருக்குக் கொண்டு வரும்போது ஸ்டியரிங்க மாத்திட்டு இந்த லிவர மட்டும் அங்கேயே விட்டுட்டாங்க.

ஆம்னி, ஈக்கோ வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லையே வேற மாதிரி, எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில, சீட்டத்தான் தூக்கணும். நானோவுக்கு எஞ்சின் பின்னாடி, முன் மூடியத் திறந்து பாத்துட்டு எஞ்சினக் காணோம்னு பதறிறாதீங்க.

லிவர இழுத்ததும் டக்குனு ஒரு சத்தம் வந்து பானட் ஒரு விரல் அளவுக்கு மேல வரும், அதோட நின்னுக்கும். இங்கதான் பலபேரு பலத்தக் காட்டுறது. காட்டாதீங்க, உள்ள இன்னொரு கொக்கி புடிச்சிருக்கு, ஓடும்போது மெயின் லாக் விட்டுப் போனாலும் பானட் எந்திரிச்சு கண்ணாடில அடிச்சிரக்கூடாதுன்னு வச்சது. முன்னாடி போய் கம்பெனி லோகோவுக்கு நேரா அந்த இடுக்குல விரல விடுங்க, நடுவுலயே இருக்கணும்னு இல்ல, கொஞ்சம் தள்ளியும் இருக்கும். சில வண்டில மேல தள்ளணும், சில வண்டில பக்கவாட்டுல. எதுன்னு தெரியலன்னா குனிஞ்சு மொபைல் டார்ச் அடிச்சுப் பாத்தா முடிஞ்சுது. கொக்கியத் தள்ளிப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால பானட்டத் தூக்குங்க.

தூக்குனதும் ஸ்டே ராட, அதாவது பானட்டத் தாங்கி நிறுத்துற கம்பிய எடுத்து, பானட்ல அதுக்குன்னு இருக்குற ஓட்டையில சரியா மாட்டுங்க, ஏதோ ஒரு இடுக்குல சும்மா முட்டுக் குடுத்து நிறுத்தக்கூடாது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, தேனி கம்பம் பக்கம் ரோட்டோரம் நிறுத்துனீங்கன்னா காத்து பானட்டத் தூக்கி ராடக் கழட்டி விட்டுரும், அப்ப உங்க தலை உள்ள இருந்தா என்னாகும்னு நெனச்சுக்கங்க. எஞ்சின் சூடா இருந்தா ராடும் சுடும், ரப்பரோ ஃபோமோ சுத்திருக்க எடத்தப் புடிங்க.

பானட் இடுக்குல ஆவி வருதுன்னா ஒடனே திறக்காதீங்க, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நல்லா ஆற விடுங்க. திறந்தப்புறமும் சூடு இருக்கும்போது ரேடியேட்டர் மூடில கைய வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணி மூஞ்சில பீச்சிரும். இன்னொண்ணு, எஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீர்னு சுத்த ஆரம்பிக்கும், தோள்ல துண்டோ கழுத்துல துப்பட்டாவோ தொங்கவிட்டுக்கிட்டு குனியாதீங்க.

மூடும்போது ராட அதோட கிளிப்ல வச்சுட்டு, பானட்ட பைய எறக்கி ஒரு 20, 30 சென்டிமீட்டர் இருக்கும்போது கைய விட்டுருங்க, அதுவா லாக் ஆயிரும். உள்ளங்கைய வச்சு அமுக்குனா தகரம் நெளிஞ்சு போகும். மூடுனப்புறம் முன்னாடி லேசா தூக்கிப் பாருங்க, ஆடுச்சுன்னா லாக் ஆகல, மறுபடி திறந்து மூடுங்க.

லிவர இழுக்குறீங்க, டக்குன்னு சத்தமே இல்லையா? கூட ஒரு ஆளக் கூப்பிடுங்க. நீங்க லிவர இழுத்துப் புடிச்சிருக்கும்போது அவரு பானட்டோட முன் நுனிய லோகோவுக்கு மேல லேசா அமுக்கி விடணும், தூசியும் துருவும் ஏறுன லாட்ச், அதாவது முன்னாடி பானட்டப் புடிச்சிருக்குற பூட்டு, பெரும்பாலும் இதுலயே விட்டுரும். திறந்ததும் லாட்ச்சத் தொடச்சு டபிள்யூடி 40ங்கிற துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு, அப்புறமா கொஞ்சம் கிரீஸ் வைங்க. லிவர் கையோட லொடலொடன்னு வந்தா கேபிள் கழண்டுருச்சு இல்லன்னா அறுந்துருச்சு, லிவர் பக்கத்துலயே அறுந்திருந்தா மிச்ச கம்பி நுனிய கட்டிங் பிளேயரால புடிச்சு இழுத்துத் திறந்துரலாம். லாட்ச் பக்கம் அறுந்திருந்தா கிரில்லுக்குள்ள ஸ்க்ரூ டிரைவர விட்டுக் குத்தாதீங்க, பின்னாடியே ரேடியேட்டர் இருக்கு, மெக்கானிக்கக் கூப்பிடுங்க.